கல்யாணம் முடியட்டும்

ஜூன் 11

இன்று கோவையில் மேமோகிராம். இடது மார்பில் இருந்த கட்டியை எடுத்து, ரேடியேஷனும் முடிந்த பிறகு இது இரண்டாவது வருடப் படம். போன வருடத்தோடு பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். பழகவில்லை. ரேடியேஷன் பட்ட இடம் காய்ந்த தோல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. அதை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து அழுத்தும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. படம் எடுக்கிற பெண் நல்லவள். "மூச்சைப் பிடிச்சுக்கங்க மேடம், ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

துணி மாற்றப் போனவளைத் திரும்பக் கூப்பிட்டாள். "இடது பக்கம் மட்டும் டாக்டர் இன்னொரு படம் கேக்கறாங்க. பெருசாக்கிப் பாக்கணுமாம்." மறுபடி நின்றேன். அப்புறம் ஜெல் தடவி ஸ்கேன். டாக்டர் ரெஜினா போன வருடம் என் பள்ளிக்கூடம், பிள்ளைகளின் கெமிஸ்ட்ரி மார்க் எல்லாம் விசாரித்தார். இன்று அவருக்கு வேலை அதிகம் போல, எதுவும் கேட்கவில்லை.

நான் புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது இவர் டாக்டர் அறையிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

"என்னங்க சொன்னாங்க?"

"சுத்தமா இருக்குதாம். ஆபரேசன் பண்ணுன தழும்புதான் தெரியுதாம். அடுத்த வருசம் வந்தாப் போதுமாம்."

"நானும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தர்றனே."

"அவங்களுக்கு அடுத்த ஆளு உள்ள போயாச்சு. வா அம்மணி, பசிக்குது."

பசிக்குது என்றவர் ஓட்டலில் காபியை மட்டும் வாங்கி, அதையும் பாதியில் வைத்துவிட்டார். நான் ரோஸ்ட்டும் வடையும் சாப்பிட்டேன். இரண்டு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் நன்றாகச் சாப்பிட்டேன். வரும் வழியில் வண்டியை நிறுத்தி எனக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தார். கல்யாணமான புதிதில் வாங்கிக் கொடுத்ததோடு சரி.

ஜூன் 12

ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு லேப் தொடங்கிவிட்டது. பாதி பிப்பெட் உடைந்து கிடக்கிறது. தலைமையாசிரியை மட்டும் ரகசியமாகக் கேட்டார். நல்லபடியாக இருக்கிறது என்றேன். கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டார்.

சாயங்காலம் சிந்துஜா பெங்களூரிலிருந்து பேசினாள்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"எல்லாம் நல்லா இருக்குதாம் கண்ணு."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். "சரிம்மா. அப்பாகிட்டக் குடு" என்றாள். இவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் இட்லிக்கு ஊற்றி, அவித்து, எடுத்து வைத்த பிறகும் பேசிக்கொண்டிருந்தார். கல்யாணப் பேச்சாக இருக்கும். நிச்சயம் ஆனதிலிருந்து அப்பனும் மகளும் அப்படித்தான்.

ஜூன் 16

கல்யாணத்தை ஆவணிக்கே வைத்துக்கொள்ளலாமாம். தை மாதம் என்றுதான் பேச்சு. "மாப்பிள்ளை வீட்டுல அவசரப்படறாங்க" என்றார் இவர். மாப்பிள்ளை பிரணவுக்குத் தையில் வெளிநாடு போகிற மாதிரி இருக்கிறதாம். சரி என்றேன். மண்டபம் கிடைக்குமா, லீவு கிடைக்குமா, பத்திரிகை எப்போது அடிப்பது என்று தலை சுற்றுகிறது.

மாப்பிள்ளை வீட்டுப் பொள்ளாச்சிக்காரர்களுக்கு என் நோய் பற்றித் தெரியாது. பெண் பார்க்க வந்தபோதே இவர் சொல்லிவிட்டார், "குணமானதை எதுக்கு இழுத்துக்கிட்டு?" அவர்கள் வருகிற நாளில் மாத்திரை டப்பாவைப் பீரோவுக்குள் வைத்துவிடுவேன்.

ஜூன் 30

இவர் இன்று பாத்திரம் கழுவினார். இரண்டு டம்ளரில் சோப்பு போகவில்லை. அவர் போன பிறகு திரும்பக் கழுவினேன்.

ஜூலை 9

பேருக்கு மோட்டார் கடை வைத்திருக்கிறார் இவர், சொந்த வீட்டில் மோட்டார் ஓடவில்லை. மூன்று நாளாக வாளியில் தண்ணீர். "இன்னிக்கு ஆளை அனுப்பறேன் அம்மணி" என்கிறார். முன்பெல்லாம் "ஏ புள்ள"தான். இப்போது வாய்க்கு வாய் அம்மணி. நான் கத்தினாலும் திருப்பிக் கத்துவதில்லை. சண்டை போடக்கூட ஆள் இல்லாத மாதிரி இருக்கிறது.

இவர் குளிக்கும்போது போன் அடித்தது. எடுத்தேன். ஒரு பெண், "சென்னியப்பன் சாருங்களா?" என்றாள். குளிக்கிறார், நான் அவர் வீட்டுக்காரம்மா என்றேன். "அப்ப நான் அப்புறம் கூப்பிடறேன் மேடம்" என்று வைத்துவிட்டாள். இவரிடம் சொன்னதற்கு, "கம்பெனிக்காரங்க" என்றார். அந்தப் பெண் பேசும்போது பின்னால் யாரோ டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மோட்டார் கம்பெனியிலும் டோக்கன் கொடுப்பார்களாக இருக்கும்.

ஜூலை 21

ஈரோட்டில் துணி எடுத்தோம். சிந்துஜா முந்தின நாளே வந்துவிட்டாள். கூரைப்புடவை அரக்குச் சிவப்பு. எனக்கு மயில் கழுத்து நிறம் அவளே எடுத்தாள்.

அப்புறம் தையற்கடை. ஆபரேஷனுக்குப் பிறகு இடது பக்கம் சிறுத்துவிட்டது, புடவையை எப்படி இழுத்துவிட்டாலும் தெரிகிறது. சிந்துஜாவே தையற்காரம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, ஜாக்கெட்டின் உள்ளே ஒரு பக்கம் மட்டும் பஞ்சு வைத்துத் தைக்கச் சொன்னாள். "போட்டோவுல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியணும்க்கா." எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. என் மகளுக்கு எவ்வளவு கவனம்.

அளவு ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்கிற அறையில் அவள்தான் கொக்கி மாட்டிவிட்டாள். கை தழும்பின் மேல் பட்டதும் எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல கண்ணு. அது எப்பவோ ஆறிப்போச்சு."

அழுதுவிட்டாள். மை எல்லாம் கன்னத்தில் வழிந்து, தையற்காரம்மா எட்டிப் பார்க்கும் அளவுக்கு. கல்யாணப் பெண் அழத்தான் செய்வாள். நான் துடைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 4

குளிக்கும்போது தழும்புக்குக் கீழே விரலில் ஏதோ தட்டியது. பட்டாணி மாதிரி. சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கையை எடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6

இவரிடம் சொன்னேன். சட்டை பட்டன் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தழும்புன்னா அப்படித்தான் இருக்கும்."

"எதுக்கும் ஒருக்கா காட்டீரலாங்களா?"

"கல்யாணம் முடியட்டும் அம்மணி. முடிஞ்ச கையோட போயிட்டு வந்தர்லாம்."

பட்டனை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 19

பத்திரிகை வைக்க நம்பியூர், சேவூர், அவிநாசி. மாவு அரைக்கவில்லை. தோசைக்குப் பதில் உப்புமா.

செப்டம்பர் 6

முடிந்தது. என் மகள் தாலி கட்டிக்கொண்டாள். கை வலிக்கிறது, கால் வலிக்கிறது, ஆனாலும் எழுதாமல் படுக்க மனமில்லை.

தாரை வார்க்கும்போது சிந்துஜா என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்த தலை நிமிரவில்லை. எல்லாரும் "எவ்வளவு அடக்கம்" என்றார்கள். பெங்களூரில் நாலு வருடம் இருந்த பெண்ணா என்று நானும் அதிசயப்பட்டேன்.

பந்தியில் சம்பந்தியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல மனுஷி. இலையில் போட்ட இனிப்பை எனக்கு எடுத்து வைத்தார். "நாங்க தையிலயே வெச்சுக்கலாம்னுதானுங்க இருந்தோம். உங்க வீட்டுலதான் ஆவணியிலயே ஆகோணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. அதுவும் நல்லதாத்தான் போச்சு" என்றார்.

கல்யாணக் களைப்பில் மாற்றிச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

செப்டம்பர் 16

"நாளைக்கு லீவு சொல்லீரு. கோவை போயிட்டு வந்தர்லாம்" என்றார் இவர். அந்தக் கட்டியைக் காட்டத்தான். கல்யாணம் முடிந்த கையோடு என்று சொன்னதை நினைவு வைத்திருக்கிறார். நான்தான் மறந்தமாதிரி இருந்தேன்.

செப்டம்பர் 17

எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதாவிட்டால் நாளைக்கு இது நடக்கவில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். அதனால் எழுதுகிறேன்.

டாக்டர் ரெஜினா என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். இவர் வண்டியை நிறுத்தப் போயிருந்தார்.

"கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதாம்மா? நல்லவேளை வந்துட்டீங்க. ஜூன்லயே ஊசி போட்டு எடுத்துப் பாத்துடணும்னு சொன்னேன். புதுசா துகள் துகளா தெரியுது, சந்தேகமா இருக்கு, தள்ளிப்போடாதீங்கன்னு. கல்யாணம் முடியட்டும்னு நீங்க ரொம்ப உறுதியா இருக்கறதா சார் சொன்னாங்க. எங்க ஸ்டாஃப் ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும் அதையேதான் சொன்னாங்க. உங்க முடிவு, நாங்க என்னம்மா பண்றது?"

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் யாரையோ டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"ஆமாங்க டாக்டர்" என்றேன். "நான்தான் சொன்னேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. என் மார்பில் என்ன இருக்கிறது என்று இந்த ஆஸ்பத்திரியில் போன் எடுக்கிற பெண்ணுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"எனக்குப் படத்தைக் காட்டுங்க" என்று மட்டும் கேட்டேன்.

காட்டினார். கறுப்புத் திரையில் சாம்பல் நிறமாக என் மார்பு. தழும்பு இருந்த இடம் சுருங்கிய துணி மாதிரி. அதன் ஓரத்தில் சாக்பீஸ் தூள் சிந்தினது போல வெள்ளைப் புள்ளிகள். "கால்சியம்" என்றார் டாக்டர். முப்பது வருடம் கால்சியம் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். "இது ஆபரேஷன், ரேடியேஷனால வந்ததாவும் இருக்கலாம். திரும்ப வந்ததாவும் இருக்கலாம். எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

குப்புறப் படுக்க வைத்தார்கள். மேஜையில் ஒரு துளை, அதன் வழியாக மார்பு கீழே தொங்க, அதைப் பலகையில் அழுத்தி, படம் பார்த்துப் பார்த்து ஊசியைச் செலுத்தினார்கள். மரத்துப்போக மருந்து போட்டிருந்ததால் வலி அதிகமில்லை. ஊசி உள்ளே போய்ச் சதையைக் கடிக்கும் சத்தம்தான் கேட்டது. ஜூனில் படம் எடுத்த அதே பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழுங்க மேடம், பரவால்ல. ஆனா அசையாதீங்க" என்றாள். அசையாமல் அழுதேன்.

வெளியே வந்ததும் கவுண்டருக்குப் போனேன். "என் பேருக்கு நேரா இருக்கற போன் நம்பரை எடுத்துட்டு இந்த நம்பரைப் போடுங்க. இனிமே எதா இருந்தாலும் என்கிட்டத்தான் சொல்லணும். வேற யார் கேட்டாலும் சொல்லக்கூடாது." இவர் பக்கத்தில்தான் நின்றார். அங்கே இருந்தது, ஆபரேஷன் நேரத்தில் நான் மயக்கத்தில் கிடந்தபோது இவர் கொடுத்த இவருடைய நம்பர். கட்டுப்போட்ட இடத்தில் நான் கை வைத்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவிநாசி தாண்டியதும் கேட்டேன்.

"நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்?"

"எதை?"

"கல்யாணம் முடியட்டும்னு."

வண்டியை ஓரம் கட்டினார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே பேசினார். "உனக்குத் தெரிஞ்சா நீ நின்னு நடத்தியிருப்பியா? ஒவ்வொரு நாளும் செத்துச் செத்துப் பொழைச்சிருப்பே. அந்தப் பாரத்தை நான் தூக்கிக்கிட்டேன். எனக்கு மட்டும் தூக்கம் வந்துதுங்கறியா? உன்கிட்டச் சொல்லியிருந்தாலும் நீ அதைத்தான் சொல்லியிருப்பே. உன் மனசு எனக்குத் தெரியாதா?"

"சொல்லியிருப்பனோ என்னமோ. ஆனா நான் சொல்லலீங்களே."

அவர் கண்ணாடி வழியாகப் போகிற லாரிகளைப் பார்த்தார்.

"அந்தக் கட்டியைக் காட்டிக் கேட்டனே. அப்பக்கூடவா?"

"தமயந்தி, அழுவாத. ஊசி போட்ட இடத்துக்கு ஆகாது."

"சிந்துஜாவுக்குத் தெரியுமா?"

வண்டியைக் கிளப்பினார். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவளை இழுக்காத."

செப்டம்பர் 18

பள்ளிக்கூடம் போனேன். டைட்ரேஷன். பிள்ளைகள் இளஞ்சிவப்பு வந்ததும் கைதட்டுகிறார்கள்.

செப்டம்பர் 20

இவர் ஹாலில் படுக்கிறார். நான் சொல்லவில்லை, அவரே பாயை எடுத்துக்கொண்டு போனார். காலையில் இரண்டு பேருக்கும் காபி போடுகிறேன். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

நோய் வந்த சமயத்தில் கீமோவில் கொட்டிய என் தலைமுடியை இவர்தான் வாரிக் கூட்டி அள்ளினார். எனக்குத் தெரியக்கூடாது என்று நான் எழுவதற்கு முன் தலையணையைத் தட்டி வைப்பார். அன்றைக்கு அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது. இன்று அதை நினைத்தால்கூட, அப்போது இன்னும் என்னவெல்லாம் மறைத்தாரோ என்றுதான் தோன்றுகிறது. பழைய நல்லதையும் சேர்த்துக் கெடுத்துவிட்டார்.

செப்டம்பர் 24

லேபில் இருந்தபோது போன் வந்தது. டாக்டர் ரெஜினாவே பேசினார். புற்றுநோய் இல்லை. ஆபரேஷனும் ரேடியேஷனும் பட்ட இடத்தில் கொழுப்பு இறுகி, அதன்மேல் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. விரலில் தட்டினதும் அதுதான். ஆறு மாதத்தில் ஒரு படம் எடுத்துப் பார்த்தால் போதும்.

அமிலம் வைத்திருக்கிற அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தோஷம்தான். ஒரு பெண் "மிஸ், என்னாச்சு மிஸ்?" என்று ஸ்டூல் கொண்டுவந்து போட்டாள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். கையைக் கூப்பிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். அழுதார். அப்புறம் முகம் கழுவிவிட்டு வந்து சொன்னார்:

"நான்தான் சொன்னன்ல, ஒண்ணும் இருக்காதுன்னு."

"மூணு மாசமா அது என்னன்னு உங்களுக்கும் தெரியாதுங்க. இருந்திருந்தா?"

"இல்லைல்ல?"

"இருந்திருந்தா?"

"இல்லைன்னு ஆனப்புறம் எதுக்கு அம்மணி அதையே பேசிக்கிட்டு? சாமி காப்பாத்திருச்சு. சந்தோசமா இரு."

கடைவீதிக்குப் போய் மைசூர்பாகு வாங்கி வந்தார். பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தார். எதற்கு என்று அவர்கள் கேட்டதற்கு, "சும்மாதானுங்க" என்றார். நோய் என்று வந்திருந்தால் நான் கோபப்படுவதற்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். இப்போது அதுவும் இல்லை. ஒன்றுமில்லாததற்கு முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறேன் என்று ஆகிவிட்டது.

செப்டம்பர் 29

மறுபடி நின்றுபோன மோட்டார் சரியாகிவிட்டது. இவரே உட்கார்ந்து பிரித்துச் சரி செய்தார்.

அக்டோபர் 2

காந்தி ஜெயந்தி விடுமுறை. சிந்துஜா காலையில் தனியாக வந்து இறங்கினாள். மாப்பிள்ளை எங்கே என்றேன். "நான் மட்டும் வந்தேன்" என்றாள். இவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கடையில் வேலை இருக்கிறது என்று கிளம்பினார். விடுமுறை நாளில் என்ன வேலை?

சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அப்பாவைத் திட்டாத. ஜூன்ல படம் எடுத்த அன்னிக்கு சாயங்காலமே உன்கிட்டச் சொல்லிடறேன்னுதான் அப்பா சொன்னாரு. ஆஸ்பத்திரியில சொன்னா நீ பயந்துக்குவேன்னு, வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கலாம்னு இருந்தாரு. நான்தான் வேண்டாம்னேன்."

தோசையைத் திருப்பினேன். திருப்ப வேண்டிய நேரம் ஆகவில்லை, கிழிந்துவிட்டது.

"நாலு நாள் போன்ல அழுதேன். சொன்னீங்கன்னா இந்தக் கல்யாணமே வேண்டாம்னு மிரட்டுனேன். கல்யாணத்தை முன்னாடி வைக்கச் சொன்னதும் நான்தான். நீ மறுபடி படுத்து, முடி கொட்டி, மண்டபத்துல அப்படி வந்து நின்னா அவங்களுக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சா நாளைக்கு இவளுக்கும் வரும்னு நினைப்பாங்க. அதைத்தாம்மா நான் நினைச்சேன். உன்னை நினைக்கவே இல்ல."

தையற்கடையில் அவள் அழுதது நினைவுக்கு வந்தது. அந்தக் கண்ணீரை நான் துடைத்துவிட்டேனே என்று என் கைமேல் கோபம் வந்தது. இவர் செய்ததை எப்படியாவது தாங்கிவிடுவேன் என்று இத்தனை நாளாக நினைத்திருந்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் சொன்ன ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறேன் என்று இன்று தெரிந்தது.

"மாப்பிள்ளைகிட்டச் சொல்லிட்டியா?"

"நேத்து சொன்னேன். உன் நோய், இது, எல்லாமே."

"என்ன சொன்னாரு?"

"அவர் அத்தைக்கும் இருந்துச்சாம். இதுக்குப் போயா அம்மாவை மூணு மாசம் காக்க வெச்சேன்னு கேட்டாரு. அதுக்கப்புறம் என்கிட்டப் பேசல." முகத்தை மூடிக்கொண்டாள். "பாவின்னு ரெண்டு அடியாவது அடிம்மா. இப்படி அமைதியா இருக்காத."

அடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. அவளைக் கட்டிக்கொள்ளவும் கை துடித்தது. இரண்டையும் செய்யவில்லை. "உன் உடம்பையும் நீ பாத்துக்கணும். டாக்டர்கிட்டப் போய் எப்ப இருந்து படம் எடுக்கணும்னு கேட்டுக்க. யாருக்காகவும் தள்ளிப்போடாத" என்றேன். தலையாட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "என்னை மன்னிச்சுட்டியாம்மா?" என்றாள்.

சரி கண்ணு, விடு என்று சொல்ல வாய் வந்தது. இருபத்தாறு வருடமாக அவள் எது செய்தாலும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். சொன்னால் அவள் நிம்மதியாகப் பஸ் ஏறுவாள். ஆனால் அது உண்மையாக இருக்காது. இந்த வீட்டில் என்னையும் சேர்த்து யாருமே உண்மை பேசாமல் இருந்தது போதும்.

"இன்னும் இல்ல" என்றேன்.

அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

கிழிந்த தோசையை எனக்கு எடுத்து வைத்துக்கொண்டு, அவள் தட்டில் முறுகலாக ஒன்றைப் போட்டேன். "சாப்பிடு, ஆறிப்போகுது."

சாப்பிட்டாள்.